கூடத்துச் சுவரில் ஒரு தம்பதி

சேலம் நகரத்தின் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை முதலிய பழைய பகுதிகளில் தொடங்கி, ராசிபுரம், நாமக்கல் வழியாகக் காவிரிக் கரையிலுள்ள மோகனூர் வரைக்கும் பரந்து கிடக்கும் சமவெளியில், இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்னால் கட்டப்பெற்று இன்னும் இடிபடாமல் நிற்கிற ஓட்டு வீடுகள் பலவற்றின் கூடத்தில், உள்கட்டுக்குப் போகும் நிலைக்கு மேலே, சற்று முன்பக்கம் சாய்ந்தாற்போல மாட்டிய தேக்குச் சட்டத்துக்குள், அந்த வீட்டை ஸ்தாபித்த தம்பதிகளின் சித்திரத்தை இன்றைக்கும் காணலாம். கணவர் நாற்காலியில் வீற்றிருப்பார். மனைவி அதன் சாய்மானத்தைத் தொட்டும் தொடாமலும் அருகில் நின்றிருப்பார். பேரப்பிள்ளைகள் அமாவாசைக்கும் பண்டிகைக்கும் பூச்சரம் சாற்றி, கண்ணாடியின்மேல் குங்குமம் வைத்து வணங்குவதோடு சரி. அந்தப் படம் எவ்விதம் உண்டாயிற்று, அதில் இருப்பது மெய்யாகவே அந்த முகந்தானா என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்கப் புகுந்தால், ஒரே கூரையின்கீழ் ஆயுள் முழுவதும் உடனிருந்த ஒருவரை மற்றவர் எவ்வளவு தூரம் அறிந்திருக்க முடியும் என்ற பழங்கேள்வியொன்று இந்தக் கைத்தொழிலின் சரித்திரத்தினூடே ஓடிக்கொண்டிருப்பது புலப்படும்.

இந்த நிலத்தில் மனிதனுடைய உருவத்தை அவன் மறைவுக்குப் பின் நிறுத்தி வைக்கும் வழக்கம் வர்ணமும் துணியும் வருவதற்கு நெடுங்காலம் முந்தியது. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறைகளை வகுத்துச் சொல்கிறது. 1965 வரையில் சேலம் ஜில்லாவிலேயே அடங்கியிருந்த தருமபுரிப் பகுதியில் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு முதலில் தனிக் கல் நட்டார்கள். பிற்காலத்தில், கணவனோடு தீப்பாய்ந்த மனைவிக்கும் அதே கல்லில் இடம் கிடைத்தது. வீரமாத்தி என்றும் தீப்பாய்ந்த அம்மன் என்றும் கொங்கு நாட்டார் கும்பிடுகிற இக்கற்களில் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அவள் ஒரு கையை உயர்த்தியிருப்பாள். ஆனால் ஒரு கல்லின் மனைவிக்கும் அடுத்த ஊர்க் கல்லின் மனைவிக்கும் முகத்தில் பேதம் காண்பது அரிது. சிற்பி செதுக்கியது ஒருத்தியை அல்ல, பத்தினி என்னும் பதவியை. அவள் கோபக்காரியா, சிரிப்புக்காரியா, பாடத் தெரிந்தவளா என்பதெல்லாம் அந்தக் கல்லுக்கு வேண்டாத விஷயங்கள். அவள் என்ன செய்தாள் என்பது ஒன்றே போதும். அறிதல் என்ற பிரச்சினையே அங்கே எழவில்லை.

தனிமனித முகத்தைச் சிற்பி நாடத் தொடங்கியபோது அந்தப் பிரச்சினையும் உடன் எழுந்தது. தாரமங்கலத்துக் கெட்டி முதலியார்கள் மதுரை நாயக்கர்களுக்கு அடங்கிச் சேலத்துச் சீமையை ஆண்ட காலத்தில், மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில், மன்னரும் அவருடைய தேவிமாரும் சிலைகளாய் எழுந்தார்கள். அச்சிலைகளைப் பற்றிப் பரம்பரையாக வழங்கும் கதையொன்று இந்த விஷயத்துக்கு மிகவும் பொருந்துவது. பட்டத்தரசியின் உருவத்தைச் செதுக்குகையில் தொடைப் பக்கத்தில் சிறு சில்லு ஒன்று பெயர்ந்து போயிற்றாம். சிற்பி மறுபடி செய்ய எத்தனித்தபோது, மந்திரியும் மகாகவியுமான நீலகண்ட தீக்ஷிதர், உத்தம லக்ஷணம் வாய்ந்த அரசிக்கு அவ்விடத்தில் ஒரு மச்சம் இருந்தே தீரும், ஆகையால் அப்படியே விட்டுவிடலாம் என்றாராம். மச்சம் இருந்தது மெய். அது மெய்யாயிருந்ததுதான் விபரீதமாயிற்று. கணவன் ஒருவனே அறிந்திருக்க வேண்டியதை இவர் எவ்விதம் அறிந்தார் என்று மன்னர் ஐயுற, தீக்ஷிதர் கர்ப்பூர ஆரத்தியின் சுடரில் தம் கண்களைத் தாமே பொசுக்கிக்கொண்டார் என்பது கதை. பிற்பாடு அம்பிகையைத் துதித்துப் பார்வையை மீண்டும் பெற்றார் என்று அது முடிகிறது. சரித்திரமோ கற்பனையோ, இதனுள் இருக்கும் மனோதர்மம் பொய்யன்று. மனைவியைத் தான் அறிந்திருப்பது வேறு எவரும் புக முடியாத தன் சொந்த உடைமை என்று கணவன் நினைக்கிறான். உளியோ தூரிகையோ பிடித்தவன் வெறும் சாஸ்திர ஞானத்தாலும் கூர்ந்த நோக்காலும் அங்கே புகுந்துவிடும்போது அவன் திடுக்கிடுகிறான். அவன் உள்ளே வைத்திருந்தது என்ன என்ற கேள்வியைத்தான் பின்வந்த சித்திரக்காரர்கள் வேறொரு விதமாக, பயமில்லாமல், அனுதினமும் கேட்கலானார்கள்.

எண்ணெய் வர்ணம் கொண்டு துணியில் எழுதும் ஐரோப்பிய முறை தென்னாட்டில் நிலைபெற்றதற்கு 1873-ஆம் ஆண்டுச் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்ற ரவிவர்மாவின் கீர்த்தி ஒரு பெருங்காரணம். மகாராஜாக்களின் அரண்மனைச் சுவருக்கே உரியதாயிருந்த இந்த வரிசை, மெல்ல மெல்ல வக்கீல்களுக்கும், மிராசுதார்களுக்கும், ஜவுளி வியாபாரிகளுக்கும் எட்டிற்று. சேலத்துச் சமவெளியில் இத்தொழிலைக் கைக்கொண்டு ஜீவித்தவர்களுள் யாவரும் அறிந்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அவரை ஓவியராக நினைப்பவர் இன்று சிலரே. 1888-இல் மோகனூரில் போலீஸ்காரர் ஒருவருக்குப் புதல்வராகப் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, உப்பு சத்தியாக்கிரகப் பாட்டால் நாடெங்கும் பெயர் விளங்கி, 1949-இல் சென்னை ராஜ்யத்தின் முதல் அரசவைக் கவிஞராவதற்கு வெகு காலம் முன்னதாகவே, நாமக்கல் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகவும், பள்ளி உபாத்தியாயராகவும் சிறிது காலம் இருந்து பார்த்துவிட்டு, மனிதர் முகங்களை எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தார். முதன்முதல் அவர் வரைந்தது ராமகிருஷ்ண பரமஹம்சரின் திருவுருவம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டை ஒட்டி எழுதிய படத்துக்குத் தங்கப் பதக்கம் பெற்றார். செட்டிநாட்டில் பாரதியாரைச் சந்தித்தபோது, நீர் நம்மைச் சித்திரத்தில் தீட்டினால் நாம் உம்மைக் கவிதையில் தீட்டுவோம் என்ற பொருளில் பாரதியார் வேடிக்கையாகச் சொன்னது, அன்று அவர் எந்தத் தொழிலால் அறியப்பட்டிருந்தார் என்பதற்குச் சாட்சி.

இந்தச் சித்திரக்காரர் பிற்காலத்தில் எழுதிய ‘மலைக்கள்ளன்’ நவீனம், ஒரே மனிதன் ஊருக்கு ஒரு முகமும் காட்டுக்கு ஒரு முகமுமாக உலாவுவதையும், அவனை அறிந்ததாக எண்ணுபவர் எவரும் அவனை அறியாதிருப்பதையும் மையமாகக் கொண்டது என்பதை யோசிக்கையில், முகத்தை எழுதிப் பிழைத்தவருக்கு முகத்தின்மேல் எவ்வளவு அவநம்பிக்கை இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1954-இல் அது சினிமாவாக வந்து ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது யாவருக்கும் தெரியும். ‘அவனும் அவளும்’ என்ற அவருடைய காவியத்துக்கும் பொருள் ஓர் ஆணும் பெண்ணுந்தான். சொந்த வாழ்வில் அவர் 1909-இல் மணந்த முத்தம்மாளை 1924-இல் பறிகொடுத்து, பின்னர் அவ்வம்மையாரின் தங்கை சௌந்தரம்மாளை மணந்துகொண்டவர். மறைந்துபோன மனைவியின் சாயலைத் தேடிக்கொண்டு படம் எழுதச் சொல்லி வருகிறவர்களின் மனம் இத்தகையவருக்கு விளங்காமலிருந்திராது.

அப்படி வருகிறவர்களே இத்தொழிலுக்கு ஆதாரமாயிருந்தவர்கள். உயிரோடிருக்கும் மனைவியை எதிரே உட்காரவைத்துப் படம் எழுதச் சொன்னவர் மிகச் சிலர். போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கை ஒருபுறமும், அந்நிய புருஷன் பார்வையில் குலஸ்திரீ உட்காருவதா என்ற கூச்சம் ஒருபுறமும் தடுத்தன. ஆகையினால் அவள் கண்ணை மூடிய பிறகே சித்திரக்காரரின் ஞாபகம் வரும். ஏதோ கலியாணத்தில் கும்பலாக எடுத்த போட்டோவின் மூலையில் பட்டாணி அளவில் ஒரு முகம் அகப்படும். அதுவும் இல்லையேல், நாற்காலியில் சாய்த்து வைத்து எடுத்த இறுதிப் படம் ஒன்று இருக்கும். அதைக் கையில் கொடுத்து, “கண்ணைத் தொறந்து போட்டுருங்க” என்பார்கள். எதுவுமே இல்லாத வீட்டில், “தங்கச்சிக்காரி அதே சாடைதானுங்க, அவளைப் பார்த்துப் போடுங்க” என்று ஓர் உயிருள்ள முகத்தையே கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு.

சித்திரக்காரர் முதலில் அந்தச் சிறு படத்தின்மேல் பென்சிலால் மெல்லிய கட்டங்கள் போடுவார்; சாம்பல் வர்ணம் பூசி உலர்த்திய துணியின்மேல் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போடுவார்; ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறதென்று பார்த்துப் பெரிதாக்குவார். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதைக் கணவருடைய கோட்டின் பொத்தான் பட்டி எந்தப் பக்கம் மடிந்திருக்கிறதென்று பார்த்துத் தெரிந்துகொள்வார். இதைக் கவனியாமல் விட்டால் வலக் கன்னத்து மறு இடக் கன்னத்துக்குப் போய்விடும். சித்திரத்துக்கு ஆறு அங்கங்கள் என்று காமசூத்திர உரைகாரரான யசோதரர் வகுத்தவற்றுள், பிரமாணம் இந்தக் கட்டங்களால் சித்திக்கும். வர்ணிகாபங்கம் வர்ணப் பெட்டியால் சித்திக்கும். சாதிருசியமும் பாவமும் மட்டும் வீட்டாரைக் கேட்டாலொழியக் கிட்டா. போட்டோவில் நிறம் இல்லை. நிறத்தைச் சொல்ல ஆள் வேண்டும். ஆகவே கேள்விகள் தொடங்கும். அந்தச் சம்பாஷணை பெரும்பாலும் ஒரே விதமாகவே நடக்கும்.

“அம்மா மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருந்தாங்க?”

முப்பது வருஷம் அவள் கையால் சாப்பிட்டவர் சற்று யோசிப்பார். “போட்டிருந்தாங்க… சிவப்புக் கல்லு. பக்கம்… வலதுதானுங்களே?” என்று சித்திரக்காரரையே திருப்பிக் கேட்பார். தூணின் மறைவில் நிற்கும் மகள் பதில் சொல்லுவாள்: “அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் குத்தியிருந்துச்சுங்க. இடது பக்கத்துக் கல்லை என் கலியாணத்தப்போ கழட்டிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் வெறும் குச்சிதானுங்க.” கணவர் நிமிர்ந்து மகளைப் பார்ப்பார். அந்தக் கல் போன செய்தியே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

புருவம் சேர்ந்திருக்குமா பிரிந்திருக்குமா, பல் தெரியச் சிரிப்பாரா, காது வடிந்திருந்ததா, பேசும்போது தலையை எந்தப் பக்கம் சாய்ப்பார் என்று கேள்விகள் நீளும். பதில்களில் பெரும்பாலானவை மகளிடமிருந்தோ, மருமகளிடமிருந்தோ, வேலைக்காரியிடமிருந்தோ வருமேயல்லாது கணவரிடமிருந்து வருவது குறைவு. இதைக் கொண்டு அவருக்கு அன்பில்லையென்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். சமையற்கட்டில் பாத்திரம் வைக்கும் சப்தத்தைக் கொண்டே அவளுக்குக் கோபமா இல்லையா என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நடை வாசலில் கேட்டால் யார் வருவதென்று தெரிந்திருக்கும். தூரிகைக்கு உதவாத அறிவு அது. நெடுநாள் பழக்கம் ஒருவரை நமக்குள் கலந்துவிடச் செய்கிறது. கலந்துவிட்டதைத் தள்ளி நின்று பார்க்க முடிவதில்லை. சித்திரக்காரர் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் கணவரைத் தள்ளி நிற்கச் செய்கிறது. பார்த்துக்கொண்டேயிருந்தும் பாராமல் விட்டது எவ்வளவு என்பதை அவர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் முதன்முதல் கணக்கிடுகிறார்.

வடமொழிக் கவிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். காளிதாசனுடைய துஷ்யந்தன், மனைவியை மறந்து துரத்தியபின் நினைவு திரும்பி, அவள் உருவத்தைத் தானே எழுதுகிறான். எழுதி முடித்த முகத்தைப் பார்த்து அவன் திருப்தி அடையவில்லை. காதில் செருகியிருந்த சிரீஷப் பூ விட்டுப்போயிற்று, மாலினி நதியை எழுத வேண்டும், ஆசிரமத்து மரத்தில் உலர்த்திய மரவுரியை எழுத வேண்டும், மானின் கொம்பில் கண்ணைச் சொறிந்துகொள்ளும் பெண்மானை எழுத வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். அவள் முகத்தில் மட்டும் இல்லை, அவள் நின்ற இடமெங்கும் பரந்திருந்தாள் என்பதை அவன் காலங் கடந்து உணர்ந்த பிரயத்தனம் அது. பாசனுடைய ‘ஸ்வப்னவாசவதத்தம்’ இன்னும் ஒருபடி மேலே போகிறது. இறந்ததாக எண்ணப்பட்ட வாசவதத்தை வேறு பெயரில் அதே அரண்மனையில் வசிக்கிறாள். கணவனாகிய உதயணனுக்குத் தெரியாது. அவளுடைய பெற்றோர் அனுப்பிய தம்பதிச் சித்திரத்தைக் கண்டு அடையாளம் தெரிந்துகொள்பவள் புதிதாக மணந்த பத்மாவதி. அரசனுடைய படம் அரசனை ஒத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறாள். அது சரியாயிருக்கவே, பக்கத்திலிருக்கும் அரசியின் படமும் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்கிறாள். அவ்வளவில், தன் பராமரிப்பில் இருக்கும் தோழியே அவள் என்பது விளங்கிவிடுகிறது. இந்த உதயணன் சரித்திரத்தைத் தமிழில் ‘பெருங்கதை’யாகப் பாடிய கொங்குவேளிர், காவிரிக்கு மேற்கே விஜயமங்கலத்தவர் என்பது நமது சமவெளிக்கு அண்டை வீட்டுப் பெருமை.

இது நம் தேசத்துக் கணவர்களுக்கு மட்டும் உரிய குறையோ என்று எண்ண வேண்டாம். பிரெஞ்சு தேசத்து ஓவியர் பொன்னார், 1893-இல் பாரிஸில் சந்தித்த பெண்ணொருத்தியைத் தம் வாழ்நாளெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். குளிப்பதும், உணவு மேஜையில் உட்காருவதும், ஜன்னலோரம் நிற்பதுமாக ஏறக்குறைய நானூறு சித்திரங்களில் அவள் இருக்கிறாள். மார்த் தெ மெலிஞி என்று அவள் சொன்ன பெயரை நம்பியே முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்தார். 1925-இல் சட்டப்படி விவாகப் பதிவு செய்துகொள்ளப் போனபோதுதான் அவளுடைய இயற்பெயர் மரியா பூர்சேன் என்று அவருக்குத் தெரிய வந்தது. அவள் 1942-இல் இறந்த பின்னும், படங்களில் அவளை இளமை மாறாதவளாகவே எழுதி வந்தார். தொழில்முறைக் கண் படைத்து, ஒவ்வொரு நாளும் கூர்ந்து நோக்கிய ஒருவருக்கே இவ்வளவுதான் கிட்டிற்று. பார்வை நுட்பமாவதால் மட்டும் மற்றொருவர் நமக்கு முழுதும் திறந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

நம் வீட்டுச் சித்திரங்களிலும் பெயரைப் பற்றிய சங்கடம் உண்டு. அது வேறு வகை. கணவன் பெயரை மனைவி சொல்லலாகாது என்பது வழக்கம். மனைவியைப் பெயரிட்டு அழைக்கும் கணவரும் அந்நாளில் அரிது. “ஏனுங்க” என்பதிலும் “இந்தா” என்பதிலும் ஒரு குடும்பத்தின் ஆயுளே கழிந்துவிடும். அந்த வழக்கம் சித்திரத்திலும் ஏறிற்று. சட்டத்தின் அடியில் கணவருடைய பெயர், தோன்றியது, மறைந்தது எல்லாம் வெள்ளை எழுத்தில் இருக்கும். அருகில் நிற்பவளுக்கு “தர்மபத்தினி” என்ற ஒரு வார்த்தை, பல இடங்களில் அதுவும் இல்லை. மூக்குத்தியையும் புடவைக் கரையின் ஜரிகையையும் அவ்வளவு சிரத்தையாக எழுதிய கை, பெயரை எழுதவில்லை. எழுதச் சொன்னவர்கள் இல்லை. நடுகல்லின் பத்தினிக்கு முகம் இல்லாதிருந்தது. எண்ணெய் வர்ணத்தின் பத்தினிக்கு முகம் கிடைத்தும் பெயர் கிடைக்கவில்லை.

பின்னர் இத்தொழில் தேய்ந்த கதையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. போட்டோவையே பெரிதாக்கி அதன்மேல் வர்ணம் தடவிக் கொடுக்கும் முறை வந்து எண்ணெய்ச் சித்திரத்தின் விலையை வீழ்த்திற்று. வர்ணப் போட்டோ வந்து அதையும் வீழ்த்திற்று. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற சினிமாக் கம்பெனிகளும், சினிமாக் கொட்டகைகளின் விளம்பரப் பலகைகளும் சித்திரக்காரர் சிலருக்குச் சிலகாலம் சோறு போட்டன. இன்று கம்ப்யூட்டரில் ஐந்து நிமிஷத்தில் பிளெக்ஸ் அச்சாகி, கருமாதிப் பந்தலில் கட்டப்பட்டு, மாதம் முடிவதற்குள் கிழிந்துபோகிறது. அதில் முகம் தப்பாமல் இருக்கிறது. ஆனால் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேள்வி போனதோடு, வீட்டார் ஒன்றுகூடி உட்கார்ந்து அவளைப் பற்றித் தமக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அந்தச் சந்தர்ப்பமும் போயிற்று. பழைய சித்திரத்தின் மதிப்பு அதன் வர்ணத்தில் இல்லை, அந்த விசாரணையில் இருந்தது என்பதே எனது அபிப்பிராயம். முடிந்த படத்தைப் பார்த்துக் கணவர் “தத்ரூபமா இருக்குதுங்க” என்று சொன்னபோது, மனைவியை அறிந்திருந்தமையால் அப்படிச் சொன்னாரா, அந்தப் படத்தின் வாயிலாகத்தான் அறிந்தாரா என்பது அவருக்கே தெளிவாயிராது.

வீட்டை இடித்துக் கட்டும் பரபரப்பில், சட்டத்துத் தேக்குக்காக இப்படங்களைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிடுவது இந்நாளில் எங்கும் நடக்கிறது. அவ்வாறு செய்பவர்களைத் தடுக்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால், வைத்திருக்க எண்ணுகிற ஒவ்வொருவரும், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவராவது வீட்டில் இருக்கும்போதே, படத்தைக் கீழே இறக்கித் தூசி தட்டி, அதில் இருக்கும் அம்மையாரின் இயற்பெயர் என்ன, பிறந்த ஊர் எது, ஏறக்குறைய எந்த ஆண்டில் எழுதிய படம், எழுதியவர் யார் என்று கேட்டு, சட்டத்தின் பின்பலகையில் அழியாத மையால் எழுதி வைக்க வேண்டும். இது அரை மணி நேர வேலை. இந்தச் சமவெளியின் சரித்திரத்தில் பாதிப் பேருடைய பெயர் அப்படி எழுதினாலொழியக் கிடைக்கப் போவதில்லை.